இரு பக்கமும் திறக்கும் தாழ்

அய்யா துணை



தாராபுரம் பகுதியில் உள்ள ஒரு நிழல்தாங்கலில் ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து, அன்னதர்மமும் முடிந்து, மக்கள் கலைந்து கொண்டிருந்தார்கள். தென்மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக வந்து, ஒரு நூல்மில்லில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் தலைப்பாகையை அவிழ்க்காமல் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பணிவிடை செய்யும் பெரியவர் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"என்ன தம்பி, வீட்டுக்குப் போகலையா?"

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். நான் செய்யிறது காவலா, பாவமான்னு எனக்கே தெரியல."

மில் வளாகத்துக்குள் பெண்கள் தங்கும் விடுதி இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு விடுதியின் இரும்புக் கேட்டை வெளிப்பக்கமாக இழுத்து, ஆல்ட்ராப் போட்டு, பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போவது அவருடைய வேலை. வார்டன் அம்மாவிடம் இன்னொரு சாவி உண்டு. அந்த அம்மா ஊருக்குப் போகும் நாட்களில் அதுவும் ஆபீசுக்கு வந்துவிடும். சென்ற வாரம் அப்படி ஒரு இரவில், விடுதிக்குப் பின்னால் குவித்திருந்த கழிவுப் பஞ்சில் தீப்பிடித்துப் புகை கிளம்பியது. பிள்ளைகள் கேட்டைப் பிடித்து ஆட்டிக் கத்தினார்கள். அவர் லாரி கேட்டில் நின்றிருந்தார். ஓடி வந்து சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேடும்போது கை நடுங்கிவிட்டது. முதல் சாவி சேரவில்லை. இரண்டாவதும் சேரவில்லை. அதற்குள் தீயை மற்றவர்கள் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஒண்ணும் ஆகலைன்னு எல்லாரும் மறந்துட்டாங்க அண்ணாச்சி. எனக்கு மட்டும் அந்தக் கம்பி இடுக்குல தெரிஞ்ச விரல்களே கண்ணுக்குள்ள நிக்கி."

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்வி அந்த ஒரு வாட்ச்மேனுக்கு மட்டும் உரியது அல்ல. வீட்டுக்கும், தாங்கலுக்கும், மில்லுக்கும், பள்ளிக்கும் கேட் போட்டு வாழ்கிற நாம் எல்லோரும் யோசிக்க வேண்டியது. ஒருவரைக் காப்பதற்காக அவரைப் பூட்டி வைக்கலாமா? பூட்டு எப்போது தர்மத்தின் பக்கம் இருக்கிறது, எப்போது கலியின் பக்கம் போகிறது?

பூட்டே கூடாது என்று சொல்வது எளிது. ஆனால் அது உண்மை ஆகாது. களவு இருக்கும் உலகத்தில் பூட்டும் இருக்கத்தான் வேண்டும். தாராபுரத்துக்குத் தெற்கே இருக்கும் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். மாங்காய் வடிவில் கையால் செய்யும் மாங்காய்ப் பூட்டு அங்கே பிரசித்தம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பல குடும்பங்கள் அந்தத் தொழிலில் உண்மையாக உழைத்துச் சோறு உண்டிருக்கின்றன. பூட்டுச் செய்தவர் கையில் பாவம் இல்லை. அந்தப் பூட்டை எந்தப் பக்கத்தில் மாட்டுகிறோம், சாவியை யார் இடுப்பில் வைக்கிறோம் என்பதில்தான் தர்மமும் அதர்மமும் பிரிகின்றன.

இரவில் ஒரு தாய் வீட்டுக்குள் இருந்து கதவைத் தாழிடுகிறாள். அந்தத் தாழ் அவள் கைக்கு எட்டுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவளே திறந்துகொண்டு ஓடலாம். அது காவல். அதே கதவை வெளியில் இருந்து ஒருவன் பூட்டிக்கொண்டு போகிறான். வீடும் கதவும் அதேதான், உள்ளே இருப்பவளும் அவளேதான். ஆனால் இப்போது அது சிறை. பூட்டியவன் நல்லவனாகவே இருக்கலாம். அவன் நல்லவன் என்பதால் பூட்டு மனம் இளகித் தானாகத் திறக்காது.

அய்யாவழி மக்களுக்கு இந்த வேறுபாட்டைப் பிறர் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. நம் அய்யாவே இரண்டையும் காட்டித் தந்திருக்கிறார். 1833-ஆம் ஆண்டு, கொல்லம் 1008 மாசி 20-இல் அவதாரம் கொண்டு சுவாமித்தோப்புக்கு வந்த அய்யா, ஆறு அடி ஆழக் குழிக்குள் இறங்கி இரண்டு ஆண்டு தவம் இருந்தார். குறுகலான இடம்தான். ஆனால் அது அய்யா தாமே விரும்பி இறங்கிய இடம். தவம் முடிந்ததும் தாமே எழுந்து வந்தார். பிறகு திருவிதாங்கூர் மன்னர் ஆட்கள் அவரைப் பிடித்துச் சென்று, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். அதுவும் அடைபட்ட இடம்தான். அங்கே சாவி மன்னர் ஆட்களின் கையில் இருந்தது. சுண்ணாம்பு நீற்றறை, மிளகாய்ப் புகை அறை, புலிக்கூண்டு என்று அய்யாவுக்கு நேர்ந்த சோதனைகளை நாம் ஏடு வாசிப்பில் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம். தவக்குழியை நாம் புண்ணியத் தலமாக வணங்குகிறோம். சிங்காரத்தோப்பை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. ஒன்று இருப்பவர் விருப்பத்தால் அமைந்த அடைப்பு, மற்றது அடுத்தவர் ஆணையால் வந்த அடைப்பு. அதனால்தான் ஒன்றை வணங்கும் நாம் மற்றதை நினைத்து வருந்துகிறோம்.

துவையல் தவசும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஊரையும் உற்றாரையும் விட்டுக் கடற்கரையில் போய்த் தங்கி, துவைத்து உடுத்தி, ஒரு பொழுது உண்டு தவம் இருந்தார்கள். யாரும் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டவில்லை. போக நினைத்தால் போகலாம் என்று இருந்தும் இருந்தார்கள். அதனால்தான் அது தவம் ஆயிற்று. பூட்டி வைத்திருந்தால் அதைத் தவம் என்று சொல்ல முடியுமா?

இனி விடுதிக்கு வருவோம். இந்தக் கொங்கு வட்டாரத்து நூல்மில்களில் வேலை பார்க்கும் பெண் பிள்ளைகளில் பலர் தென்மாவட்டங்களிலிருந்தும், இப்போது வட மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லிச் 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் ஆள் எடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது கேட்டுக்கு வெளியே போக முடியாமல் பிள்ளைகள் பட்ட பாடு பத்திரிகைகளிலும் நீதிமன்றங்களிலும் பேசப்பட்டது. இன்று பல இடங்களில் நிலைமை மாறியிருக்கலாம். ஆனால் 'பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் பாதுகாப்பு' என்ற எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை.

அந்த வாட்ச்மேனும் இதைத்தான் சொன்னார். "பெத்தவங்களே வந்து, 'அண்ணாச்சி, பிள்ளைய நம்பி விட்டுட்டுப் போறோம், கேட்டை நல்லாப் பூட்டுங்க'ன்னு சொல்லுறாங்க. ராத்திரியில வெளிய குடிச்சிட்டுத் திரியிறவன் இருக்கான். திறந்து போட முடியுமா?"

திறந்து போட வேண்டாம். பூட்டட்டும். வெளியே இருப்பவன் உள்ளே வராதபடி பூட்டட்டும். உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாதபடி பூட்டுவது வேறு வேலை. இந்த இரண்டையும் ஒரே பூட்டில் மாட்டிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. பெற்றவர் கேட்பது முதலாவதை. நாம் செய்து கொடுப்பது இரண்டாவதை.

நூல்மில்லில் தீ எப்படி வரும் என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். பஞ்சோடு சேர்ந்து வரும் ஒரு சிறு இரும்புத் துண்டு புளோரூமில் உரசினாலும் பொறி பறக்கும். மோட்டார் மேலும் ஒயர் மேலும் படிந்த பஞ்சுத் தூசி சூடேறினாலும் போதும். பஞ்சில் பிடித்த தீ உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, அணைந்தது என்று நினைக்கும்போது மறுபடி எழும். தீக்கு முன்னால் புகை வந்துவிடும். புகை நிறைந்த அறையில் மனிதருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் சாவி எங்கே என்று தேட வேண்டிய நிலையில் ஒரு பிள்ளையை வைப்பது காவல் ஆகுமா?

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வது அல்ல. உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி, டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனியில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு வாசல் பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் துணியைக் களவாடிப் போகிறார்களா என்று பையைச் சோதிக்க, எல்லோரையும் ஒரே வழியில் அனுப்ப வேண்டும் என்பதுதான் காரணம். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த இளம்பெண்கள். ஒரு துண்டுத் துணி போய்விடக் கூடாது என்று போட்ட பூட்டு அது.

நூறு ஆண்டு கழித்தும் அந்தப் பாடம் எல்லாருக்கும் எட்டவில்லை. 2012 செப்டம்பர் 11-ஆம் தேதி, பாகிஸ்தானின் கராச்சி நகரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சன்னல்களில் கம்பி, வாசல்களில் பூட்டு. அந்தத் தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று பின்னாளில் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, வைத்தவர்களுக்குத் தண்டனை கொடுத்தது. தீ வைத்தவன் ஒருவன், கதவைப் பூட்டியவன் இன்னொருவன். பூட்டியவன் கொல்ல நினைக்கவில்லை. ஆனாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குத் தீயும் பூட்டும் சேர்ந்துதான் எமன் ஆயின.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது ஒன்று இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடிவதற்கு முன், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஓர் ஓலைக் கொட்டகை எரிந்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். தாயும் தகப்பனும் அண்ணன் தம்பியும்தான். குணமாகிவிடும் என்ற நம்பிக்கையோடு விட்டார்கள். தொலைந்து போய்விடக் கூடாதே என்ற பாசத்தில் சங்கிலிக்குச் சம்மதித்தார்கள். பாசம் இருந்தது. ஆனால், கட்டுண்டவர் கைக்கு எட்டும் இடத்தில் திறப்பு இல்லை. அதனால் அந்தப் பாசம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

இப்படிப்பட்ட சாவுகளிலிருந்துதான் நல்ல தாழும் பிறந்தது. இங்கிலாந்தின் சண்டர்லாந்து ஊரில் 1883 ஜூன் 16-ஆம் தேதி, ஓர் அரங்கில் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள், கடைசியில் பரிசு கொடுக்கிறார்கள் என்று கேட்டு மாடியிலிருந்து கீழே ஓடினார்கள். படிக்கட்டின் அடியில் உள்பக்கமாகத் திறக்கும் ஒரு கதவு. ஒருவர் மட்டும் நுழையும் அளவுக்குத் திறந்து, அசையாதபடி தாழிட்டிருந்தார்கள். நெரிசலில் 183 குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதன்பின் பொது அரங்குகளின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்ற விதி வந்தது. உள்ளே இருப்பவர் தள்ளினாலே விடுபடும் தாழ் ஒன்றை ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் கண்டுபிடித்து, 1892-இல் உரிமம் பெற்றார். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளிலும் சினிமா அரங்குகளிலும் கதவின் குறுக்கே நாம் காணும் தள்ளுகம்பி அந்த வழியில் வந்ததுதான். வெளியே இருந்து பார்த்தால் பூட்டிய கதவு. உள்ளே இருப்பவர் தள்ளினால் திறந்த கதவு. சாவி வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், படிப்பு வேண்டாம். பயந்த குழந்தையின் உடல் பாரமே போதும்.

நம் நாட்டுச் சட்டமும் இதை அறியாதது அல்ல. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் இயற்றியபோதே அதன் 38-ஆம் பிரிவில் இதை எழுதினார்கள். அறைக்குள் ஓர் ஆள் இருக்கும் வரை, உள்ளே இருந்து எளிதாகவும் உடனடியாகவும் திறக்க முடியாதபடி கதவைப் பூட்டவோ அடைக்கவோ கூடாது என்பது அதன் கருத்து. ஓர் ஆளைக் குறித்த எல்லைக்கு வெளியே போக விடாமல் முறையின்றி அடைப்பது குற்றம் என்று 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டமே சொன்னது. அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டமோ, வாங்கிய கடனுக்கும் முன்பணத்துக்கும் ஈடாக ஒருவர் நடமாடும் உரிமையைப் பறிப்பதைக் கொத்தடிமையின் அடையாளங்களில் ஒன்றாக வைத்தது. சட்டம் படிக்காத வாட்ச்மேனின் நெஞ்சில் உறுத்தியதும், சட்டம் எழுதியவர்கள் ஏட்டில் எழுதியதும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள்.

சரி, உள்ளிருந்து திறந்தால் போதுமா? அதுவும் போதாது. தனியாக இருக்கும் ஒரு கிழவி உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுக்கிறாள். இரவில் மயங்கி விழுகிறாள். மகன் வெளியே நின்று கதவைத் தட்டுகிறான். அவளால் எழ முடியாது, அவனால் திறக்க முடியாது. ஆக, வெளியே வருவதற்கு உள்ளே ஒரு திறப்பு வேண்டும். உதவிக்கு வருபவர் நுழைய வெளியேயும் ஒரு திறப்பு வேண்டும். அதுதான் இரு பக்கமும் திறக்கும் தாழ். வெளிப்பக்கம் சாவி, உள்பக்கம் கையால் திருகும் குமிழ். சாவி வைத்திருக்கும் நம்பிக்கையானவர் வெளியிலிருந்து திறக்கலாம். உள்ளே இருப்பவர் யாராயினும் சாவி இல்லாமல் திறக்கலாம். களவாடுபவனுக்கு மட்டும் அது பூட்டு. இரும்புக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வெல்டிங் பட்டறையில் கேட்டில் பொருத்திக் கொடுப்பார்கள். பெரிய செலவும் இல்லை.

இவ்வளவு எளிதாக இருக்கும்போது ஏன் எல்லா இடத்திலும் அது இல்லை? இங்கேதான் கலி ஒளிந்திருக்கிறது. உள்ளே குமிழ் வைத்தால் உள்ளே இருப்பவரை நம்ப வேண்டும். நம்புவதற்கு மனம் வருவதில்லை. 'ராத்திரியில் எங்கேயாவது போய்விட்டால்?' என்ற கேள்வி வருகிறது. வயது வந்த ஒரு பெண் வேலையை விட்டுப் போக நினைத்தால் போகலாம். அவள் மில்லில் வேலைக்குச் சேர்ந்தவள்தானே தவிர, விலைக்கு வாங்கப்பட்டவள் அல்ல. நேரம் கெட்ட நேரத்தில் போகிறாளே என்ற அக்கறை இருந்தால், கேட்டில் ஒருவர் விழித்திருந்து, "எங்கம்மா போற, துணைக்கு ஆள் வேணுமா?" என்று கேட்கலாம். வயது குறைந்த பிள்ளை என்றால் தடுத்து நிறுத்தி வீட்டுக்குச் சொல்லலாம். அதற்கு மனிதர் வேண்டும். மனிதர் விழித்திருப்பதற்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் பல இடங்களில் பூட்டை மாட்டுகிறோம். பிறகு அதற்குப் 'பாதுகாப்பு' என்று பேர் வைக்கிறோம்.

நம் பதிகளிலும் தாங்கல்களிலும் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி, திருநாமம் இட்டு நிற்கும்போது அந்தக் கண்ணாடியில் நம் முகம்தான் தெரிகிறது. இறைவன் உனக்குள்ளும் இருக்கிறான், உன்னைப் போன்ற எல்லோருக்குள்ளும் இருக்கிறான் என்று அய்யா காட்டிய வழி அது. அந்தக் கண்ணாடி முன் நின்று ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். 'நான் பூட்டுகிற கதவுக்கு உள்ளே நானே படுத்திருந்தால், சாவி வெளியே இருப்பதற்குச் சம்மதிப்பேனா? என் மகளைப் படுக்க வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேனா?' ஆம் என்றால் பூட்டலாம். இல்லை என்றால், அந்தக் கம்பி இடுக்கில் தெரிவது யாருடைய விரல்? நம்முடைய விரல்தான்.

தாழ்ந்து கிடப்பவரைக் காத்து உயர்த்துவதே தர்மம் என்பது அகிலத்தின் சாரம். தாழ்த்திப் பூட்டி வைத்துக் காக்கிறேன் என்பது அந்தத் தர்மத்தின் தலைகீழ். காக்கப்படுபவர் நிமிர்ந்து நிற்கும்படி காப்பதுதான் காவல். அய்யா எல்லாச் சாதியாரும் ஒன்றாக வந்து நீராட முத்திரிக் கிணறு தந்தார். இடுப்பில் கட்டிய துணியைத் தலையில் கட்டச் சொன்னார். 'உங்களைக் காப்பாற்றுகிறேன், அதனால் நீங்கள் குனிந்தே இருங்கள்' என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை.

வாட்ச்மேனின் இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். "நான் சம்பளக்காரன் அண்ணாச்சி. பூட்டச் சொல்லுறது மேனேஜர். நான் பூட்டலைன்னா இன்னொருத்தன் வந்து பூட்டுவான். எனக்கும் பிள்ளைகள் இருக்கு."

இது பொய்யான சாக்கு அல்ல. உண்மையான இக்கட்டு. ஆணை இட்டவருக்குத்தான் பெரிய பங்கு. கூலிக்காரன் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றுவது நியாயம் ஆகாது. ஆனால் சாவியைத் திருகும் கை தன்னுடையதாக இருப்பதால், அவனுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அந்தச் சிறு பங்கைச் சரியாகச் செய்வதுதான் அவனுடைய தர்மம். வேலையை விட்டுவிட்டு வா என்று தர்மம் அவனிடம் கேட்கவில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல், கையால் முடிந்ததைச் செய், கண்ணை மூடிக்கொள்ளாதே என்றுதான் கேட்கிறது. பூட்டைத் திறந்து போட அதிகாரம் இல்லாதவனுக்கு, பூட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க அதிகாரம் உண்டு.

பெரியவர் அன்று இவ்வளவும் பேசவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "தம்பி, நம்ம தாங்கல் பின்வாசல் எப்படிப் பூட்டியிருக்குன்னு பார்த்திருக்கியா?"

இருவரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். திருவிழா நாட்களில் வெளியூரிலிருந்து வரும் தாய்மார்கள் இரவு தங்கும் கொட்டகை அந்தப் பக்கம்தான். அதன் கேட்டிலும் வெளிப்பக்கம் ஆல்ட்ராப், அதில் ஒரு பூட்டு. பாத்திரம் களவு போகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் மாட்டியது. திருவிழா இரவுகளிலும் அதைப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். உள்ளே குழந்தைகளோடு தாய்மார்கள் தூங்கினார்கள். சாவி பெரியவர் வீட்டில் ஆணியில் தொங்கியது.

பெரியவர் வெகுநேரம் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "உன்கிட்ட என்ன பதில் சொல்லலாம்னு யோசிச்சேன். முதல்ல நான்தான் பதில் சொல்லணும் போல" என்றார்.

அந்த வாரத்திலேயே வெல்டிங் ஆளை வரவழைத்து, வெளியே சாவியும் உள்ளே குமிழும் உள்ள பூட்டைப் பின்வாசலில் பொருத்தினார்கள். வெளிச்சாவி ஒன்று பெரியவரிடம், இன்னொன்று பக்கத்து வீட்டு அம்மாவிடம். கொட்டகையில் தங்குபவர்களுக்குப் படுக்கும் முன் கேட்டைத் திறந்து காட்டுவது என்றும் முடிவு செய்தார்கள். பாத்திரங்களைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பாத்திரத்துக்கு வெளிப்பூட்டு போதும். அது வெளியே வர ஆசைப்படாது.

வாட்ச்மேன் மில்லில் மேனேஜரிடம் போய்ச் சொன்னார். தாங்கல் கேட்டில் பொருத்திய பூட்டின் படத்தைப் போனில் காட்டினார். மேனேஜர் கோபப்படவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. 'முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்றார். அவர் கேட்டுச் சொல்லும் வரை வாட்ச்மேன் சும்மா இருக்கவில்லை. விடுதிச் சாவியைக் கொத்திலிருந்து பிரித்துத் தனிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். லாரி வராத நேரங்களில் நாற்காலியை விடுதிக் கேட்டின் பக்கத்திலேயே போட்டு உட்கார்கிறார். வார்டன் அம்மா ஊருக்குப் போகும்போது அவருடைய சாவியை உள்ளே இருக்கும் மூத்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டு, அதற்குச் சம்மதமும் வாங்கிவிட்டார். கேட் இன்னும் மாறவில்லை. அவர் ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கும்போது அதை நினைவுபடுத்துகிறார். பிள்ளைகளின் தகப்பன்மார் பார்க்க வரும்போது அவர்களையும் சொல்லச் சொல்கிறார். காவல் என்பது பூட்டுவது அல்ல, விழித்திருப்பது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அன்பு மக்களே, கலி என்பது எங்கோ வெளியே கேட்டைத் தாண்டி வரப் பார்க்கும் அரக்கன் அல்ல. அது உள்ளத்தில் இருந்துகொண்டு, 'அடுத்தவரை நம்பாதே, அடக்கி வை' என்று சொல்லும் மாயை. அந்தக் கலிக்குப் பூட்டுப் போட முடியாது. அன்பினாலும் பொறுமையினாலும்தான் அதை வெல்ல வேண்டும். இன்று இரவு படுக்கும் முன் ஒரு காரியம் செய்வோம். நம் வீட்டில், கடையில், பட்டறையில், தாங்கலில் உள்ள ஒவ்வொரு வாசலுக்கும் உள்ளே போய் நின்று பார்ப்போம். விளக்கை அணைத்துவிட்டு, கையால் தடவிப் பார்ப்போம். நம் வீட்டுச் சின்னக் குழந்தைக்கும், வயதான அம்மாவுக்கும், வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைக்கும் அந்தத் தாழ் எட்டுகிறதா? சாவி இல்லாமல் திறக்கிறதா? உதவிக்கு ஓடி வருபவருக்கும் வழி இருக்கிறதா?

இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இல்லையென்றால் நாளைக்கே மாற்றிவிடுவோம். உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் ஒன்றாகத் திறக்கும் வாசலில்தான் தர்மம் குடியிருக்கும்.

அய்யா உண்டு.